சூடு ஆறாத மேசை

“மணி நாலு இருபது. ஏழுக்குக் கதவைத் திறக்கணும். இன்னும் ஒரு வாய் தின்னலை நீங்க,” இருட்டிலிருந்த நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து லொரெட்டா சொன்னாள். அவள்தான் இயக்குநர்.

மேடையில் ஒரு மேசை, நான்கு தட்டுகள். சற்றுமுன் அங்கே உட்கார்ந்திருந்த செரோக்கிப் பழங்குடிக் குடும்பத்தை, பின்னால் மூன்று திரைகளிலும் ஓடிய படத்தில் சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எமெட்டுக்கு, அடுத்த நிமிடம் அந்த வீட்டுக்குள் குடியேற வரும் வெள்ளைக்காரன் வேடம். சூடு ஆறாத மேசையில் உட்கார்ந்து, சோள மடலில் கட்டி அவித்த பீன்ஸ் ரொட்டியைப் பிரித்துத் தின்ன வேண்டும். வசனம் கிடையாது. அத்தோடு காட்சி முடியும்.

நேற்றுவரை மரக்கட்டையை வைத்து நன்றாகத்தான் செய்தார். இன்று, மேடைச் சாமான்களைக் கவனிக்கும் வென்டல் அசல் ரொட்டியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தான். மூன்று ஒத்திகையிலும் எமெட்டின் கை அதைத் தொட்டு நின்றுவிட்டது.

“கடை ரொட்டி ஒண்ணு வாங்கித் தாம்மா. முழுசாத் தின்னு காட்டுறேன்.”

“அந்தக் காலத்துல எந்தக் கடை? அண்ணே, நீங்க செரோக்கிங்கிறத ஒரு நிமிஷம் மறங்க. அவனுக்கு வெக்கம் கிடையாது. பசி மட்டுந்தான்.”

“ஓக்லஹோமாக்காரி நீ. சுலபமாச் சொல்லுவ.”

“ஆமா, சிப்பாய் விரட்ட ஓக்லஹோமா வரைக்கும் நடந்தது எங்க ஆளுங்க. உங்க ஆளுங்க மலையில ஒளிஞ்சு இங்கயே இருந்துட்டாங்க. நாங்க விட்டுட்டுப் போன ரொட்டியத் தின்ன இவ்வளவு யோசனையா?”

வென்டல் சிரித்தான். எமெட் சிரிக்கவில்லை.

“சரி, உங்களால ஆகாது. வென்டல், நீ உக்காரு. இன்னைக்கு நீதான் வெள்ளைக்காரன்.”

வென்டல் எமெட்டின் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டான். ரொட்டியை எடுத்தான்.

“கையை எடுடா,” என்றார் எமெட்.

அவரே உட்கார்ந்தார். மடலைக் கிழிக்காமல் பிரித்தார். கடித்தார். நெடுநேரம் மென்றார். திரைகளில் கடைசி ஆளும் வளைவில் மறைந்த பிறகும் தின்றுகொண்டிருந்தார்.

லொரெட்டா மேடைக்கு அருகே வந்தாள். அவள் குரல் தணிந்திருந்தது.

“வந்தவன் மாதிரி இல்லண்ணே. வீட்டுக்காரன் மாதிரி தின்னீங்க. பரவாயில்ல, இப்படியே இருக்கட்டும். வென்டல், ராத்திரிக்கு இன்னொண்ணு வேணும். செஞ்சவங்களுக்கு ஃபோன் போடு.”

“யார் செஞ்சதோக்கா. சர்ச் ஃப்ரீசர்ல அடியில கெடந்துச்சு. ஒண்ணே ஒண்ணு.”

எமெட் தட்டில் கிடந்த துணுக்குகளை விரலில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

“எம் பொண்டாட்டி கட்டின கட்டு எனக்குத் தெரியாதா? மார்ச்சுல அவள அடக்கம் பண்ணப்போ நீயுந்தானடா பெட்டியத் தூக்கின,” என்றார். “ஃப்ரீசர் அடியில இன்னொண்ணு இருக்கான்னு நல்லாப் பாத்தியா?”