காக்காய் எடுத்த ஜப்பானியப் பாடப் புத்தகம்

ஏரிக்கரை வேலமரத்தில் ஒரு காக்காய் புதுசாகக் கூடு கட்டியிருந்தது. ஜப்பானிலிருந்து வந்த நாரை ஒன்று அந்தக் கூட்டுக்குள் ஒரு காலை ஊன்றி, மறு காலை மடக்கி, ஜம்மென்று நின்றுகொண்டது. காக்காய்க்கோ பதினைந்து நாளில் முட்டை போட்டாகணும். கத்திப் பார்த்தது. நாரைக்கு ஒன்றும் புரியவில்லை.

சரி, அது பாஷையிலேயே சொல்லிவிடுவோம் என்று காக்காய் பழைய பேப்பர் கடைக்குப் போய் ஜப்பானியப் பாடப் புத்தகம் ஒன்றை எடுத்தது. 'காலை எடுங்க' என்பது ஐந்தாம் பாடத்தில் இருந்தது. ஆனால் முறையாகப் படிக்கணுமே! முதல் பாடம் முடிந்ததும் கடை வாசல் வெள்ளாடு எட்டிப் பார்த்தது.

"ஏன்க்கா, இதுல பின்னாடி விடையே இல்லையே. தனியாப் படிக்கிறவங்களுக்கு இது ஆகுமா?"

"ஆகாதா தம்பி?"

"தப்பாப் பேசினா மானம் போயிடும். வேற எடுங்க."

வேறு எடுத்தது. அதிலும் முதல் பாடம் முடிந்தது, ஆடு வந்தது, விடை இல்லை. இப்படியே ஒன்பது புத்தகம் ஆச்சு. கடைசிப் பக்கங்களையெல்லாம் தின்றதே தான்தான் என்று ஆடு சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

பதினைந்தாம் நாள் காக்காய் நாரை முன்னால் போய் நின்று, தெரிந்ததை ஜப்பானிய பாஷையில் சொன்னது: "வணக்கம். நான் மாணவி. உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம்."

நாரைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊருக்கு வந்து இத்தனை நாளில் ஒருத்தரும் அதனிடம் இப்படி அன்பாகப் பேசினதில்லை. இடுப்பு வரை குனிந்து கும்பிட்டது. பிறகு மடக்கிய காலையும் கூட்டுக்குள் இறக்கி, வசதியாக உட்கார்ந்துகொண்டது.