உருளத் தெரியாதவர்

இந்தத் தடவையும் படகு கவிழ்ந்தது. இந்தத் தடவையும் ஆடிட்டர் படகிலிருந்து நழுவி, மூக்கில் தண்ணீர் ஒழுக மேலே வந்தார். நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்ற அவர் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கயாக் என்கிற அந்தக் குறுகலான துடுப்புப் படகு கவிழ்ந்தால், அதை விட்டு வெளியே வராமல், உட்கார்ந்தபடியே துடுப்பை வீசி, உருண்டு நிமிர வேண்டும். அவள் அதை முதல் மாதமே கற்றுக்கொண்டாள். இவரோ இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், கடல்ல போறவங்க உருளக் கத்துக்கிட்டே ஆகணுமா? கவுந்தா வெளியே வந்து திரும்ப ஏறிக்கிட்டாப் போச்சு!" என்று பயிற்சி தருகிற மாஸ்டரிடம் கேட்டாள்.

"குளத்துல ஏறிடலாம்மா. அலை அடிக்கிறப்ப ஏறிப் பாருங்க, தெரியும். உருளத் தெரிஞ்சவங்களுக்குத் தனிப் படகு. தெரியாதவங்க ரெட்டைப் படகுல, தெரிஞ்சவங்களுக்குப் பின்னால. உங்க வீட்டுக்காரர் உங்க பொறுப்பு."

மற்றவர்கள் ஒரு தப்பு செய்தாலே குளம் அதிரக் கத்துகிற மாஸ்டர், ஆடிட்டரிடம் மட்டும், "பரவாயில்ல சார், மேல வாங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார். இது தேறாத கேஸ் என்று அவரே கைகழுவிவிட்டார் போலிருக்கிறது. அவளுக்கு மானமே போயிற்று.

அவளுக்கு வேண்டியது தனிப் படகு. பயிற்சி முடிவில் எல்லோரும் கடலில் ஒரு தீவுக்குப் போகிறார்கள்; அதுவரை தன் இஷ்டத்துக்குப் போய்வர வேண்டும். அடுத்த வாரம் வேலை மாற்றலில் வேறு ஊருக்குப் போகிறாள், ஒரு வருஷத்துக்கு. அதைச் சொன்னபோது இந்த மனுஷன் ஃபைலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சரி, போயிட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

போகாதே என்று சொல்ல வேண்டாம், முகமாவது கொஞ்சம் வாட வேண்டாமா? நான் இருந்தாலும் போனாலும் இவருக்கு ஒன்றுதானா? அன்றிலிருந்து அவள் மனசு ஒரு நிலையில் இல்லை.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆனால் ஆபீஸில் வேலை அதிகம் என்று புதன்கிழமை தாமதமாக வருகிறவர், வியாழக்கிழமை காலையில் கண்கள் சிவந்து அடுக்கடுக்காகத் தும்முவார்.

"இந்தச் சளியோட உங்களுக்குக் கடல் ஒரு கேடா?" என்று எரிந்து விழுவாள்.

"நானும் வர்றேனே" என்பார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கடைசியில் ரெட்டைப் படகுதான் வாய்த்தது. அவள் முன்னால், அவர் பின்னால். தீவு வரை அவள் திரும்பியே பார்க்காமல் துடுப்புப் போட்டாள். திரும்பும்போது, கரை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், பக்கவாட்டில் ஓர் அலை ஓங்கி அடித்தது. படகு கவிழ்ந்தது.

தலைகீழாகத் தொங்கினாள். காதெல்லாம் தண்ணீர் இரைந்தது. இவ்வளவு பெரிய படகை ஒருத்தியாக நிமிர்த்த முடியுமா? ஐயோ, பின்னால் அந்த மனுஷன் என்ன ஆனாரோ! வருவது வரட்டும் என்று வலது பக்கம் துடுப்பை வீசி இழுத்தாள்.

அதே நொடி, அதே பக்கம், அவளுக்குப் பின்னாலிருந்தும் ஓர் இழுப்பு. அவளுடையதைவிட பலமான இழுப்பு. படகு நிமிர்ந்துவிட்டது.

இருமிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். ஆடிட்டர் துடுப்பும் கையுமாக உட்கார்ந்தபடி திருட்டு முழி முழித்தார்.

"உங்களுக்கு உருளத் தெரியுமா?"

"உன் பின்னால உக்கார்றவனுக்குத் தெரியலேன்னா உனக்குத்தானே ஆபத்து? அதான், புதன்கிழமையானா மாஸ்டர் தனியாச் சொல்லிக் குடுத்தார்."

"அடப்பாவி மனுஷா! அப்புறம் எதுக்குக் குளத்துல அத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கினீங்க?"

அவர் ஒரு தும்மல் போட்டார். அவளைப் பார்க்காமல் கரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தெரியும்னா, ஆளுக்கொரு படகு குடுத்துடுவாரே!"