கடைசி ஒட்டு

"ஒட்டு காஞ்சிருச்சா, இல்ல போன தடவ மாதிரி நாச்சிமுத்தண்ணன் கையில ஒட்டிக்கிருமா?" என்று கேட்டாள் ரோகிணி.

ராஜமுருகன் மிதிபடகின் அடியில் மல்லாந்து கிடந்தான். நான்கு தகர டிரம்களின் மேல் படகு ஏறி உட்கார்ந்திருந்தது.

"வெயில் அடிச்சாத்தான ஒட்டுற ரெசின் இறுகும்? பள்ளங்கியில வெயிலுக்கு நான் எங்க போறது? மேகம் எறங்கி வாசல்ல நிக்கிது."

"மேகத்து மேல பழி போடாதீங்க. இறுக வைக்கிற ஹார்ட்னரக் கொறச்சு ஊத்திருப்பீங்க. ரசத்துக்கே உப்பு போடத் தெரியாத கை."

"அந்த ரசத்த நாலு வருசம் குடிச்ச வாய்தான இது?"

"குடிச்சேன். அதான் ஒட்டன்சத்திரத்துக்கே போயிட்டேன்."

அவள் போனதற்குக் காரணம் ரசம் இல்லை, படகு. பூண்டுக் காட்டுக்குத் தண்ணீர் பாய வேண்டிய குட்டையில், ஊர் சுற்ற வருகிறவர்களுக்குப் படகு விட்டான் ராஜமுருகன். வந்தவர்கள் ஆடிய ஆட்டத்தில் குட்டையில் தண்ணீர் இறங்காமல் இருக்க விரித்திருந்த பிளாஸ்டிக் ஷீட் கிழிந்தது. தண்ணீர் மண்ணுக்குள் போனது. பூண்டு நின்ற இடத்திலேயே காய்ந்தது. ரோகிணி நாலு வார்த்தை கேட்டாள். பிடிக்கவில்லையென்றால் போ என்று ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டான். அவளும் காய்கறி மண்டி வைத்திருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பேருமே வணங்காத கழுத்து.

இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிப் பீரோ, பாத்திரம், கட்டில் வரைக்கும் பிரித்தாகிவிட்டது. இரண்டு பேர் பெயரிலும் வாங்கிய படகு மட்டும்தான் பாக்கி. அதை விற்ற மறுநாள் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடுவது என்று பேச்சு.

படகு விற்றபாடில்லை. பாச்சலூர்ப் பக்கம் ரிசார்ட் கட்டியிருக்கும் நாச்சிமுத்து அதை வாங்க முதல் தடவை வந்தபோது ஸ்டியரிங் கையோடு கழன்று வந்தது. அடுத்த தடவை படகு ஒழுகியது. போன தடவை ஒட்டு காயாமல் அவர் கையில் ஒட்டிக்கொண்டது. கொடைக்கானலில் இருந்து மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார்கள். என் படகை நானே பார்ப்பேன் என்றான் ராஜமுருகன். பக்கத்தில் நின்று விரட்டினால்தான் வேலை நடக்கும் என்று ரோகிணியும் வாரா வாரம் பஸ் ஏறி வந்தாள்.

"இன்னைக்கு வெள்ளனேயே வந்துட்ட போல?" என்றான் அவன், அடியில் இருந்து நகர்ந்து வந்து.

"நீங்க போர்த்திக்கிட்டுக் கெடந்தீங்க. எழுப்பல. எழுப்புறது இப்ப என் சோலி இல்ல பாருங்க."

அவன் ஒரு தட்டில் கோலமாவை அள்ளிப் படகின் அடி முழுக்கப் பூசினான். தண்ணீர் கசிந்தால் அந்த இடம் மட்டும் கறுத்துக் காட்டிக் கொடுக்கும்.

"எனக்கு ஒரு மார்கழிக்குக் கோலமாவு வாங்கித் தந்திருப்பீங்களா? படகுக்குப் பூசி விடுறாரு, கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் போடுற மாதிரி."

"இது திருப்பிப் பேசாதுல்ல."

நாச்சிமுத்து லோடு வண்டியோடு வந்து இறங்கினார்.

"ஏப்பா, வண்டியைக் கையோட கூட்டியாந்துட்டேன். இன்னைக்காச்சும் ஏத்தி விடுவியா?"

"வெரசாத் தண்ணி ஊத்திப் பாத்துருவோம்ண்ணே. இன்னையோட இது தீரணும்" என்றாள் ரோகிணி.

"அதத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான் ராஜமுருகன்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியில் தண்ணீர் மொண்டு வந்து படகுக்குள் ஊற்றினார்கள். ஒருவர் குனியும்போது மற்றவர் நிமிர்ந்தார். நாலு வருடப் பழக்கம், வாளிகூட இடித்துக்கொள்ளவில்லை. பாதிப் படகு நிறைந்ததும் நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பின்னாடி ஈரம் தெரியுதே."

"அப்படியா? அங்க ரெண்டு அடுக்கு ஃபைபர் துணி வச்சு ஒட்டுனேனே" என்றான் ராஜமுருகன்.

"ஒட்டுன லட்சணம்" என்றாள் ரோகிணி.

நாச்சிமுத்து தவழ்ந்தே முன்பக்கம் போனார். "இங்கயும் சொட்டுது. போன வாரம் இந்த எடம் நல்லாத்தான இருந்துச்சு? ஏப்பா, நீ பாக்கப் பாக்கப் படகு மோசமால்ல போகுது."

அவர் எழுந்து முழங்காலில் ஒட்டிய மாவைத் தட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன். அதுக்குள்ள வேல தெரிஞ்ச ஆளா வச்சுப் பாரு."

"ஆளு எதுக்குண்ணே? நானே பாத்துருவேன்."

"நானும் வந்து நிக்கிறேன்ண்ணே. விட்டா இவரு ஒண்ணும் செய்ய மாட்டாரு."

நாச்சிமுத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெறும் வண்டியில் ஏறிப் போனார். ராஜமுருகன் மறுபடியும் படகுக்கு அடியில் நுழைந்தான். முன்பக்கத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தான். விரிசல் இல்லை. ஆணி அடித்த ஓட்டை, விளிம்பில் அழுக்குக்கூடப் படியாத புது ஓட்டை.

"ரோகிணி, முன்னாடி யாரோ ஆணி எறக்கியிருக்காங்க" என்றான் மெதுவாக. "யாரு?"

"பின்னாடி எறக்குனது யாருன்னு நான் கேட்டேனா?" என்றாள் அவள்.