வாய் திறக்காத சிடி டிரைவ்

பிலோமினா தன் டைப்பிங் கடைக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தாள். சுவிட்சைப் போட்டதும் அது முதலில் சிடி டிரைவைத்தான் கேட்கும்: "வேலையைத் தொடங்க உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?"

"இருக்கிறது, பொறு" என்று சொல்லும் டிரைவ். அதன் வயிற்றில் பழைய முதலாளி விட்டுப்போன கீறல் விழுந்த சிடி இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும், ஒன்றும் படிக்க வராது. திரை கறுப்பாகவே நிற்கும்.

"என்னைக் கேட்கச் சொல்லேன். என்னிடம் எல்லாம் இருக்கிறது" என்று கெஞ்சியது பக்கத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க்.

"பழைய முதலாளி நம்பிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வேன்?" என்றது டிரைவ்.

ஹார்ட் டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று நினைத்த பிலோமினா, அதைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அதற்கு முன் டிரைவைத் திறந்து பார்க்க நினைத்தாள். பொத்தானை அழுத்தியும் அது திறக்கவில்லை. பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, அவசரத்துக்குத் திறப்பதற்கென்று டிரைவின் முகத்திலிருந்த சின்னத் துளைக்குள் விட்டாள்.

"அண்ணே, உங்களைக் குத்த வரவில்லை" என்றது கிளிப். "சிடியை விட்டுப்போனவர் அதைத் திரும்பக் கேட்கவே இல்லையே. இப்போது பக்கத்தில் இருப்பவன் குப்பைக்குப் போகப்போகிறான்."

டிரைவ் மெல்ல வாயைத் திறந்தது. பிலோமினா சிடியை எடுத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் வழக்கம்போல் கேட்டது.

"என்னிடம் இல்லை. அவனைக் கேள்" என்றது டிரைவ்.

ஹார்ட் டிஸ்க் உறுமிக்கொண்டு சுழன்றது. திரை நீலமாக விரிந்தது. பிலோமினா எழுந்து நின்று கைதட்டினாள்.

"யாருக்குக் கைதட்டுகிறாள்?" என்று கேட்டது ஹார்ட் டிஸ்க்.

"நமக்குத்தான்" என்றது டிரைவ்.