எல்லாத்துக்கும் ‘இல்ல’

“நீங்க சொல்லக் கூடாதும்மா. அவளேதான் சொல்லணும். இந்தக் கேள்வியெல்லாம் பிள்ளைங்களுக்குன்னே எழுதினது,” என்றாள் நர்ஸ் டெனீஸ்.

சிசிலியா வாயை மூடிக்கொண்டாள். கைதான் சும்மா இருக்கவில்லை, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தது.

போன சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் எவளோ ஒருத்தியின் முழங்கால் மகள் ஓஃபாவின் தலையில் இடித்துவிட்டது. பதினோரு வயசுக்காரி, எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். நாளைக்கு ஃபைனல். நர்ஸ் சரி என்றால் ஆடலாம். அதே தலையில் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் சிசிலியாவின் பயம்.

சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் போட்ட அட்டையை டெனீஸ் ஓஃபாவின் முன்னால் வைத்தாள்.

“இந்த வாரம் தலை வலிச்சுதா?”

“இல்ல.”

“வாந்தி? தலைசுத்தல்?”

“இல்ல.”

“ஏதாவது மறந்து போச்சா?”

ஓஃபா கொஞ்சம் யோசித்தாள். “இல்லையே.” விரல் சிரிக்கிற முகத்தைத் தொட்டது.

“தலையப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்திருந்தியேடி,” என்றாள் சிசிலியா. அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

“எப்போம்மா?”

பெற்ற தாயின் முகத்தைப் பார்த்தே கேட்கிறாள். என்ன நெஞ்சழுத்தம் என்று சிசிலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் செமிசி சிரித்தான். மகள் ஃபைனல் ஆடப்போவதை அவர்கள் குடியிருக்கும் மாங்கெரேயில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருந்தவன் அவன். “இவளுக்கு எல்லாத்துக்கும் பயம் நர்ஸம்மா. புள்ள தும்மினாலே ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டுவா.”

“அம்மாக்கள் அப்படித்தான். ஒரு தடவை வலிச்சத வாரம் பூரா வலிச்சதா ஞாபகம் வெச்சிருப்பாங்க,” என்றாள் டெனீஸ். “பிள்ளைங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. ஆடணும்னா மறைப்பாங்க. அதனால சுத்தி வளைச்சு ஒண்ணு கேக்கறேன். ஓஃபா, ஞாயித்துக்கிழமை என்ன பண்ணினே?”

“வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு சர்ச்சுக்குப் போனோம். பாட்டுல நான் முன் வரிசை. வீட்டுக்கு வந்து லூ சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் ஜாஸ்தின்னு அப்பா சொன்னார். அப்புறம் எல்லாரும் தூங்கிட்டோம்.”

தங்குதடையில்லாமல் வந்தது. டெனீஸுக்குத் திருப்தி. பேனாவைத் திறந்து, ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

சிசிலியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஞாயிறு அவர்கள் சர்ச்சுக்கே போகவில்லை. விடிந்ததிலிருந்து ஓஃபாவுக்கு வாந்தி. லூ செய்ய வாங்கிய சேம்பிலை அப்படியே வாடிப்போனது. செமிசிக்கும் அது தெரியும். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் சர்ச்சை ஒரு வாரமும் தவறவிடாத டோங்கா தீவுக்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் சர்ச்சுக்குப் போகவில்லை, போனதாக மகள் புளுகுகிறாள் என்று ஒரு வெள்ளைக்காரி முன்னால் எப்படிச் சொல்வது? மானம் போய்விடும். வீட்டுக்குப் போய் பூட்ஸை ஒளித்து வைத்தாவது இவளை நிறுத்திவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “ஒரு ஃபைனலுக்காக சர்ச்ச வெச்சே பொய் சொல்றியா? யார்கிட்டடி கத்துக்கிட்ட இந்தப் பித்தலாட்டத்த?”

ஓஃபா மலங்க மலங்க விழித்தாள். இப்போதும் நடிக்கிறாளே என்று சிசிலியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“விடு சிசிலியா. ஒரு நாள் ஆட்டம்தானே, ஆடிட்டுப் போகட்டும்,” என்று சொல்லிவிட்டு செமிசி காரை எடுக்க நடந்தான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

ஓஃபா வரவில்லை. திரும்பிப் பார்த்தால், பெஞ்சில் காத்திருந்த பிள்ளைகளை நகரச் சொல்லி நடுவில் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

“இன்னும் என்னடி அங்க? கிளம்பு.”

“நர்ஸ் இன்னும் நம்மளக் கூப்பிடவே இல்லையேம்மா?”