இடுப்பில் இத்தாலி ராஜா

தேவகுமார் காசுப் பெட்டியைத் திறந்தார். பஞ்சு வைத்த பள்ளங்களில் இரண்டு காலி.

ஒன்று காலியாகத்தான் இருக்கணும். போன வாரம் அவரே எடுத்து, வேலைக்கு வரும் பாஞ்சாலையிடம் கொடுத்தார். இன்னொன்று எங்கே?

செங்கம் ரோட்டில் அவர் வாடகைக்கு விடும் அறைகளில், ஆசிரமத்துக்கு வந்து தங்கிப்போகும் இத்தாலிக்காரர்கள் கொண்டுவந்து தந்த காசுகள். போன நூற்றாண்டு லிரா, அசல் வெள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு மீசைக்கார ராஜா. மனுஷன் விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் வைக்க மாட்டார்.

"நாலைக் குடுங்க, உருக்கி ஒரு குங்குமச் சிமிழ் செஞ்சுக்கறேன்" என்று ஒருமுறை மனைவி சுனந்தா கேட்டுவிட்டாள். "என் பொண்டாட்டியே கேட்டாலும் ஒரு காசு வெளியே போகாது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

அப்பேர்ப்பட்டவர் பாஞ்சாலையின் பேரனுக்காக இளகிப்போனார். அவள் மகளுக்கு இவனுக்கு முன்னே பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. வேற்று வீட்டு வெள்ளியை அரைஞாணில் கோர்த்தால் இதாவது தங்கும் என்று அவர்கள் வீட்டு நம்பிக்கை. "அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். சுனந்தாவுக்குத் தெரிந்தால் சிமிழ் கதை மறுபடி கிளம்புமே.

சே, கொடுத்து ருசி காட்டினது நம்ம தப்பு என்று பொருமினார்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?" என்றாள் சுனந்தா.

"பாஞ்சாலையை நாளையிலேர்ந்து நிறுத்திடு."

"எதுக்கு?"

"கை சுத்தமில்ல. இத்தாலிக் காசு காணாம போயிருக்கு."

சுனந்தாவுக்கு முகம் வெளுத்தது. "அவ எடுக்கமாட்டா. அவ... இல்லீங்க, அவ எடுக்கல" என்று திணறினாள்.

"உனக்கு எப்பவும் இளகின மனசு. பேசாம இரு."

அந்த நேரம் பார்த்து, இடுப்பில் பேரனோடு பாஞ்சாலை உள்ளே வந்தாள். "மக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காம்மா, அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

தரையில் விட்டதும் பயல் குப்புற விழுந்து நீந்தினான். சட்டை மேலே ஏறியது. கலகலவென்று சத்தம். அரைஞாணில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மீசைக்கார ராஜாக்கள்.

"பாஞ்சாலை, ரெண்டாவது காசு ஏது?" என்று சீறினார் தேவகுமார்.

"ரெண்டாவதா?" சுனந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ முதல் காசு ஏதுங்க?"

தேவகுமார் பெட்டியைப் படக்கென்று மூடினார். பாஞ்சாலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்த முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"ரெண்டு பேருமே சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டீங்க. ஐயா குடுத்ததைச் சொல்லாம, அம்மா குடுக்கறப்போ வேணாம்னு நான் எப்படிங்க சொல்றது?"