கடலுக்கடியில் ஒரு பிறந்தநாள்

"நீ நடக்கிறது உன் தரைன்னு நினைக்காதடா. அது கீழ்வீட்டுக்காரங்க தலைக்கு மேல..." என்று ஆரம்பித்து லுபெனின் அப்பா என்னவோ சொல்வார். மிச்சம் அவனுக்கு ஞாபகமில்லை.

இன்று அவன் மகன் போயானுக்கு ஐந்தாவது பிறந்தநாள். ப்ளோவ்திவ் நகரத்து அடுக்குமாடியில், மூன்றாவது மாடி வீடு கடலடியாக மாறியிருந்தது. ஜன்னலெல்லாம் நீலப் போர்வை. தரை முழுக்கத் தடித்த கம்பளி. மேசையில் ஆக்டோபஸ் கேக்.

குழந்தைகள் வாசலில் ஷூவைக் கழற்றியதும் ஆளுக்கொரு ஜோடி கம்பளிக் காலுறையை நீட்டினான் லுபென்.

"இதுதான் துடுப்பு. மாட்டிக்குங்க. கடலுக்கடியில வாயத் திறந்தா தண்ணி உள்ள போயிடும். எல்லாம் கையாலதான் பேசணும். கத்தினா சுறா முழிச்சுக்கும்!"

சுறா சோபாவில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா தின்றுகொண்டிருந்தது. அட்டையில் செய்த பல்வரிசையைக் கழுத்தில் மாட்டியிருந்த கிராசிமிர்தான் அது. லுபெனின் மனைவி ஸ்னெஜானாவுக்கு அண்ணன்.

"மாப்ளே, இது பொறந்தநாளா, கருமாதியா?"

லுபென் உதட்டில் விரலை வைத்தான்.

"எனக்குமா?"

"சுறாவுக்கும்தான், மச்சான்."

"ஸ்பீக்கர் தூக்கிட்டு வந்திருக்கேன்டா. கைகோத்து வட்டமா ஆடாம நம்ம ஜனங்க எவனாவது பொறந்தநாள் கொண்டாடியிருக்கானா?"

போயான் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தான். வட்டத்துக்கு முன்னால் போகிறவன் சுழற்றுகிற கைக்குட்டை. ஆட்டத்தை நடத்திப் போக நர்சரியில் பழகியிருந்தான். அப்பாவைப் பார்த்து அதை லேசாக ஆட்டிக் காட்டினான்.

'அப்புறம்' என்று கையைக் காட்டினான் லுபென்.

போயான் கைக்குட்டையை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டான்.

கிராசிமிருக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொள்ளைக்காரன் வேஷம்னுதானே முதல்ல சொன்னீங்க? புள்ள மரக்கத்தி எல்லாம் கேட்டான். திடீர்னு எதுக்கு இந்த ஊமைக் கடல்?"

"மெதுவாப் பேசு அண்ணா."

"நீயுமா? குழந்தைங்க வழி தெரிஞ்சு வரட்டும்னு கீழ வாசல் கதவுல பெரிய மீனா ஒண்ணு ஒட்டினேன். உன் புருஷன் ஓடிப்போய் அதையும் பிச்சுட்டு வந்துட்டான். சந்தோஷம்னா ஆகாதா அவனுக்கு? புள்ள வளர்க்கிறீங்களா, தொட்டியில மீன் வளர்க்கிறீங்களா?"

ஸ்னெஜானா தட்டுகளை ஒவ்வொன்றாக, ஓசைப்படாமல் அடுக்கினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டங். டங். டங்.

ஹீட்டர் குழாயில் கீழ்வீட்டிலிருந்து யாரோ தட்டினார்கள். இந்தக் கட்டிடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உங்கள் சத்தம் தாங்கவில்லை.

லுபெனின் முகம் வெளுத்துவிட்டது.

"பாத்தியா!" என்று துள்ளி வந்தார் கிராசிமிர். "மீன் மாதிரி கிடந்தும் குழாயத் தட்டுறாங்க. நீ கேக்க மாட்டே. நான் போய் நாலு வார்த்தை கேக்கிறேன்."

"மச்சான், வேணாம்..."

கழுத்தில் பல்வரிசையோடு சுறா படியிறங்கியது. பின்னாலேயே லுபெனும் ஓடினான்.

கீழ்வீட்டுக் கதவில் கறுப்பு ரிப்பன். அதன் கீழே கறுப்புக் கரை போட்ட தாள். தாளில் அந்த வீட்டு மெத்தோடி தாத்தாவின் படம்.

இதே தாள் கட்டிடத்து வாசல் கதவிலும் இருந்தது. இறந்தவுடன் ஒன்று, வருஷம் திரும்பினால் ஒன்று என்று எல்லா வாசல் கதவிலும் இப்படி நாலைந்து தொங்கும். யார் நின்று படிக்கிறார்கள்? கிராசிமிர் மீனை ஒட்டியது இதன் மேல்தான்.

அவர் பல்வரிசையை மெல்லக் கழற்றினார்.

"எப்போடா?"

"திங்கக்கிழமை அடக்கம் பண்ணினாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"தாத்தா ஊருக்குப் போயிருக்கார்னு போயான்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். பொறந்தநாள் முடியட்டும்னு பாத்தோம். உங்க வாயில நிக்குமா, மச்சான்?"

கதவு திறந்தது. கறுப்புத் தலைத்துணியோடு தாத்தாவின் மனைவி தோன்கா அம்மாள். குழாயைத் தட்டிய கரண்டி இன்னும் கையிலேயே இருந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றான் லுபென். "குழந்தைங்களை இப்பவே அனுப்பிடறேன்."

"யாரை அனுப்பப் போறே? முதல்ல இதைச் சொல்லு. போயானுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லையேம்மா. நல்லாத்தான் இருக்கான்."

"பின்னே ஏம்ப்பா சத்தமே இல்ல? பையனுக்கு அஞ்சு முடியுதுன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இன்னைக்காவது மேல தடதடன்னு ஓடுவாங்கன்னு காலையிலேர்ந்து கூரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு காலடி கேக்கல. பயந்துபோய்த்தான் தட்டினேன்."

தோன்கா அம்மாள் கரண்டியால் வீட்டுக்குள்ளே காட்டினார்.

"இங்கதான் யாரும் இல்ல. மேலயும் யாரும் இல்லாத மாதிரி ஆக்கிட்டீங்களே."

"நீங்க மேல வாங்கம்மா. ஒரு துண்டு கேக்காவது..."

"துக்க வீட்டுக்காரி நான். வரக்கூடாது. போ, குழந்தைங்க காத்திருக்கும்."

கதவு சாத்திக்கொண்டது.

படியேறும்போது கிராசிமிர், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிசுகிசுத்தார். "என்னடா செய்யப் போறே, மாப்ளே?"

லுபென் மேலே போய்க் கம்பளிகளைச் சுருட்டி ஓரமாக வைத்தான். போயானின் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தான். பிறகு, எல்லாக் குழந்தைகளையும் கம்பளிக் காலுறையைக் கழற்றிவிட்டு ஷூவை மாட்டிக்கொள்ளச் சொன்னான்.